டீன் அலுவலகத்துக் கோப்பு யாரைப் பற்றியது?

கல்லூரி முடித்து 20 ஆண்டுகள் ஆன நண்பர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் விடுதிக் கதையில்தான் வந்து நிற்கும். அப்படி ஒரு மாலையில் ஒருவர் கேட்டார்: “அன்றைக்கு வார்டன் என்னிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாரே, அது இன்னும் அங்கே இருக்குமா?”

உடனே மூன்று பதில்கள் வந்தன. கரையான் தின்றிருக்கும் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். மனுப் போட்டால் யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்றார் மூன்றாமவர். மூன்றுமே நம்பிக்கையோடு சொல்லப்பட்ட அரைகுறைப் பதில்கள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் என்றதும் நம்மில் பலர் மனத்தில் வருவது தூசி படிந்த காகிதக் குடோன். அதில் மாணவர்களைப் பற்றிய கோப்பு என்றால், மாணவரின் வாழ்க்கை வரலாறே அதற்குள் இருப்பதாக ஒரு நினைப்பு. இரண்டையும் கொஞ்சம் நேர்செய்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுகளை அமெரிக்காவிலிருந்து எடுத்திருக்கிறேன். மாணவரின் நடத்தையையும் நலனையும் பார்ப்பதற்கென்றே, டீன் என்ற அதிகாரியின் கீழ், ஓர் அலுவலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இயங்குகிறது. அந்த அலுவலகத்தின் காகிதங்களை யார் பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சண்டை போட்டும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் தவிர மற்றதெல்லாம்

பதிவாளர் அலுவலகம் என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சேர்க்கை, தேர்வு, மதிப்பெண், பட்டம். மாணவர் நல அலுவலகத்தின் எல்லை அவ்வளவு தெளிவானதல்ல. விடுதி அறை, மாணவர் சங்கங்களுக்கு அனுமதி, உதவித்தொகை, உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டுக்குக் கடிதம், தப்புச் செய்தால் விசாரணை என்று வகுப்பறைக்கு வெளியே நடப்பவை எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

ஹார்வர்டு கல்லூரியில் 1891இல் டீனாக வந்த லெபேரன் ரஸல் பிரிக்ஸ் மாணவர்களின் சொந்தக் கஷ்டங்களைக் கேட்பதற்குப் பேர்போனவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆர்க்கிள் கிளார்க் 1909இல் ‘ஆண் மாணவர்களின் டீன்’ ஆனார்; 1931 வரை அந்த வேலையில் இருந்தார். மாணவிகளுக்குத் தனி டீன் உண்டு. யார் எங்கே குடித்தார்கள், யார் சூதாடினார்கள் என்பதெல்லாம் கிளார்க்கின் காதுக்கு எப்படியாவது வந்துவிடும் என்று மாணவர்கள் நடுங்குவார்களாம். நம் ஊர் வார்டன்களின் பெரியப்பா என்று அவரைச் சொல்லலாம்.

இவர்களுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? ‘பெற்றோர் இடத்தில் நிற்றல்’ என்ற கோட்பாட்டிலிருந்து. பிள்ளை வீட்டைவிட்டு வந்திருக்கும் காலத்தில் தகப்பனுக்கு உள்ள உரிமையும் பொறுப்பும் கல்லூரிக்கு உண்டு என்பதே அது. தகப்பன் பிள்ளையைத் திட்டுவதற்கு விசாரணைக் குழு வைப்பதில்லை. டீனும் அப்படித்தான் நடந்துகொண்டார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது: மாணவர் என்ன படித்தார் என்பதைப் பதிவாளர் குறித்துவைக்கிறார். மாணவர் வாழ்ந்ததில் நிர்வாகத்தின் கண்ணில் பட்டது எதுவோ, அதை மட்டும் மாணவர் நல அலுவலகம் குறித்துவைக்கிறது.

மொய் நோட்டு

ஆவணம் என்றால் என்ன என்பதற்கு நம் வீட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மொய் நோட்டு. மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று ஒருவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போகிறார். வரலாறு எழுதுவதாக அவருக்கு நினைப்பில்லை. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு விசேஷம் என்றால் திருப்பிச் செய்ய வேண்டுமே, அதற்கான கணக்கு அது.

40 ஆண்டுகள் கழித்துப் பேத்தி அதைப் புரட்டும்போது வேறென்னவோ தெரிகிறது. எந்தெந்த ஊரோடு போக்குவரத்து இருந்தது, எந்தச் சித்தப்பா பெயர் காணவில்லை, ஐந்து ரூபாய்க்கு அன்றைக்கு என்ன மரியாதை என்றெல்லாம் பார்க்கலாம். எழுதியவர் நினைத்துப் பார்க்காத கேள்விகளுக்கு நோட்டு பதில் சொல்கிறது.

ஒரு வேலை நடக்கும்போது, அந்த வேலைக்காகவே எழுதப்பட்டு, பிறகு சான்றாக வைத்துக்கொள்ளப்படுவதுதான் ஆவணம். அப்படிப்பட்டவற்றில் என்றென்றைக்கும் வைக்கத் தகுந்தவை என்று தேர்ந்தெடுத்தவற்றைப் பாதுகாக்கும் இடம் ஆவணக் காப்பகம். நூலகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நூலை எழுதியவர் வாசகரைப் பார்த்துப் பேசுகிறார். ஆவணத்தில் ஒருவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், நாம் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறோம்.

ஒட்டுக் கேட்பதற்கு ஒரு குறை உண்டு. மொய் எழுதாமல் வந்து சாப்பிட்டுவிட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனவர் நோட்டில் இல்லை. அதுபோல, வம்பில் மாட்டாமல், சங்கத் தலைவராகாமல், உதவித்தொகை கேட்காமல் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் போன மாணவருக்கு டீன் அலுவலகத்தில் அனேகமாகக் கோப்பே இருக்காது. அந்தக் கோப்புகளை வைத்து அந்தக் காலத்து மாணவர்கள் எல்லோரும் குடிகாரர்கள், கலகக்காரர்கள் என்று எழுதினால், போலீஸ் நிலையத்துப் பதிவேட்டைப் படித்துவிட்டு ஊரில் திருடர்கள் மட்டுமே குடியிருந்தார்கள் என்று சொல்வதற்குச் சமம்.

தாய்மாமன் பெயர் ஏன் முதலில் வருகிறது

மொய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நடுத்தெருவில் போட்டுவிடுங்கள். எடுப்பவர் கையில் இருப்பது வெறும் பெயர்களும் தொகைகளும். யார் வீட்டுக் கல்யாணம் என்பது போனதும் எல்லாம் போயிற்று. காகிதத்தின் அர்த்தத்தில் பாதி அது எந்த வீட்டில், எந்த வேலையில் பிறந்தது என்பதில் இருக்கிறது. ஆகவே ஒரு அலுவலகத்தின் காகிதங்களை இன்னொன்றின் காகிதங்களோடு கலக்கக் கூடாது. இதுதான் பிறப்பிட விதி. பிரான்சில் 1841இல் வந்த ஓர் அரசுச் சுற்றறிக்கை இதை எழுத்தில் வகுத்தது.

இனி வரிசை. பல ஊர்களில் தாய்மாமன் மொய்தான் முதலில் எழுதப்படும். நல்லெண்ணம் கொண்ட பேரன் ஒருவன் மொத்த நோட்டையும் கம்ப்யூட்டரில் தட்டி, அகர வரிசையில் அடுக்கி, ‘இப்போது தேடச் சுலபம்’ என்கிறான். தேடச் சுலபம்தான். ஆனால் யார் முதலில், யாருக்குப் பின் யார், எந்த நான்கு பேர் ஒரே ஊரிலிருந்து ஒன்றாக வந்தார்கள் என்பது அதோடு அழிந்துவிட்டது. அலுவலகம் எந்த அடுக்கில் வைத்திருந்ததோ அந்த அடுக்கைக் கலைக்காமல் வைக்க வேண்டும் என்பது மூல வரிசை விதி. பெர்லினில் இருந்த பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 1881இல் இதைத் தன் நடைமுறை ஆக்கிக்கொண்டது.

இரண்டும் சேர்ந்து வேலை செய்வதை இல்லினாய் பல்கலைக்கழகக் காப்பகத்தில் பார்க்கலாம். அங்கே மாணவர் நலத் துறைக்கு 41 என்று ஓர் எண். அதற்குள் மாணவர் டீன், ஆண் மாணவர் டீன், மாணவியர் டீன் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உள்ளெண். அதற்குள் கடிதப் போக்குவரத்து, குழுக் குறிப்புகள் என்று ஒரே வகைக் கோப்புகளின் தொகுதிகள்; இவற்றுக்குத் தொடர் என்று பெயர். தொடருக்குள் பெட்டி, பெட்டிக்குள் உறை. ‘மாணவர் போராட்டம்’ என்று ஓர் அலமாரி அங்கே கிடையாது. முதல் தடவை போகிறவர் திகைத்து நிற்பது இங்கேதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் போராட்டத்தை அன்றைக்கு எந்த அலுவலகம் கையாண்டிருக்கும்? அந்த அலுவலகத்தின் எண்ணில் தேட வேண்டும்.

அதே காப்பகத்தில் ஸ்டூவர்ட் ஹோவ் என்பவரின் தொகுப்பும் இருக்கிறது. அமெரிக்க மாணவர்கள் உறுப்பினராகிச் சேர்ந்து தங்கும் சகோதர சங்கங்களைப் பற்றி அவர் தேடித் தேடிச் சேர்த்தவை. 1989இல் மாணவர் வாழ்க்கைக்கென்றே அங்கே ஒரு தனிக் காப்பகப் பிரிவு தொடங்கியதற்குப் பின்னால் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கொடை இருந்தது. ஹோவ் சேர்த்தது தொகுப்பு. டீன் விட்டுச்சென்றது ஆவணம். பார்க்கும் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் ஆசையோடு சேர்த்துவைப்பவரின் பெட்டிக்கும் மொய் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். பத்திரிகைப் பெட்டி பார்க்க அழகு. கணக்குத் தெரிய வேண்டுமென்றால் நோட்டுக்குத்தான் போக வேண்டும்.

எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு, எந்த அலுவலகம், எந்த உறை என்று சொல்லும் பட்டியலுக்குத் தேடுதுணை என்று பெயர். அதில் ஒவ்வொரு கடிதமும் இருக்காது. உறையின் தலைப்போடு அனேகமாக நின்றுவிடும். பல காப்பகங்கள் தங்கள் இருப்பைத் தாள் எண்ணிக்கையில்கூடச் சொல்வதில்லை, அலமாரி நீளத்தை அடிக்கணக்கில் சொல்கின்றன. ‘எல்லாவற்றையும் ஸ்கேன் செய்திருப்பார்களே’ என்பவருக்கு இதுவே பதில். ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்ப்பதற்கே ஆள் இல்லை.

கிழிப்பதும் வேலைதான்

காப்பகம் எதையும் தூக்கிப்போடாது என்று நினைக்கிறோம். உண்மையில் ஓர் அலுவலகத்தின் காகிதத்தில் சிறு பங்குதான் காப்பகம் வரை வருகிறது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாகாணக் காலத்து டாட்டன்ஹாம் முறையில், முடிந்த கோப்புக்கு ஒரு முத்திரை விழும். எல்.டிஸ். என்றால் ஓராண்டில் அழிக்கலாம். கே.டிஸ். மூன்றாண்டு. டி.டிஸ். பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். கோப்பை மூடும்போதே அதன் ஆயுளை எழுதிவிடும் இந்த ஏற்பாட்டைத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வேறு பெயரில் வைத்திருக்கின்றன. எந்த வகைக் காகிதம் எத்தனை ஆண்டு, அதன் பின் அழிப்பா, காப்பகமா என்று சொல்லும் அட்டவணை அது. வைப்புக்கால அட்டவணை என்று அழைக்கலாம்.

எது நிரந்தரம் என்று முடிவு செய்வதற்கு மதிப்பிடல் என்று பெயர். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய தியோடர் ஷெல்லன்பெர்க் 1950களில் இதற்கு இரண்டு கேள்விகளை வைத்தார். இந்தக் காகிதம் அலுவலகம் எப்படி இயங்கியது என்பதற்குச் சான்றா? அல்லது அதில் வரும் ஆட்கள், சம்பவங்கள், இடங்களைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்தி இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் போகலாம். விடுதிச் சாவி வாங்கிய ரசீது போகும். விடுதியில் யாரைச் சேர்ப்பது என்று குழு கூடி முடிவு செய்த குறிப்பு தங்கும். தனி மாணவரின் சிறு ஒழுங்குமீறல் கோப்பு பல பல்கலைக்கழகங்களில் அவர் படித்து முடித்த சில ஆண்டுகளில் அழிக்கப்பட்டுவிடும். கல்லூரியை விட்டு நீக்கியது போன்ற பெரிய நடவடிக்கையின் பதிவு பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

அட்டவணைப்படி அழிப்பதில் எனக்கு வருத்தமில்லை. 18 வயதில் ஒருவன் செய்த குறும்பை 70 வயது வரை துரத்த வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது அட்டவணையில் இல்லாத அழிப்பை. ஏதாவது புகார் கிளம்பிய வாரத்தில் திடீரென்று நடக்கும் ‘சுத்தம் செய்தல்’ அந்த வகை.

சுருக்கிச் சொன்னால்: காகிதம் எந்த அலுவலகத்தில் பிறந்தது, அங்கே எந்த வரிசையில் இருந்தது என்பவற்றைக் காப்பகம் கலைக்காது. எத்தனை காலம் வைப்பது என்பது முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கு.

எழுத்து அவனுடையது, வாக்கியம் வார்டனுடையது

நண்பரின் மன்னிப்புக் கடிதத்துக்கு வருவோம். அதை எப்படி எழுதினார் என்று கேட்டேன். “நான் எங்கே எழுதினேன்? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இனிமேல் இத்தகைய செயலில் ஈடுபட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்று அவர் சொன்னார். ‘ஈடுபட’ என்பதை ‘ஈடுபட்டு’ என்று எழுதிவிட்டேன், அடித்துவிட்டு வேறு தாளில் எழுதச் சொன்னார்.”

வேறு தாள். அதுதான் கோப்பில் போயிருக்கும். கையெழுத்து நண்பருடையது, வாக்கியம் வார்டனுடையது, அடித்த தாள் குப்பைத் தொட்டியில். நாளைக்கு ஓர் ஆய்வாளர் அந்த உறையைத் திறந்தால், மனம் திருந்திய ஒரு மாணவனைப் பார்ப்பார். நண்பரோ அன்று மாலையே மறுபடி சுவர் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போனார்.

இந்த வகைக் கோப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். உறையின் மேல் மாணவரின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது அலுவலகத்தின் வேலை. அது எதைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது, எதைப் பார்த்துப் பயந்தது, எப்படி முடித்துக்கொண்டது என்பவற்றுக்கு அந்தக் கோப்பு உறுதியான சான்று. மாணவரின் மனத்துக்கு அது பலவீனமான சான்று. இதை ஒரு பல்கலைக்கழகம் 82 ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்ட கதை ஒன்று இருக்கிறது.

1920: ஹார்வர்டின் ஒரு பெட்டி

2002இல் ஹார்வர்டு மாணவர் நாளிதழான ‘கிரிம்சன்’ நிருபர் அமித் பேலி, பல்கலைக்கழகக் காப்பகத்தின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: ‘இரகசிய நீதிமன்றக் கோப்புகள், 1920’. அவர் கேட்டார். முதலில் மறுப்பு. மாதக்கணக்கில் மேல்முறையீடும் ஆலோசனையும் நடந்த பிறகு சுமார் 500 பக்கங்கள் வெளியே வந்தன, மாணவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டு. அந்த ஆண்டு நவம்பரில் செய்தி அச்சேறியது.

நடந்தது இது. 1920 மே மாதம் ஒரு மாணவர் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய அண்ணன், தம்பிக்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு, தன்பாலின உறவில் இருப்பதாகச் சில மாணவர்களின் பெயர்களை டீன் பொறுப்பில் இருந்த செஸ்டர் கிரீனோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெலின் ஒப்புதலோடு ஐந்து பேர் குழு ஒன்று இரகசியமாக அமர்ந்தது. டீன்கள், ஒரு மருத்துவப் பேராசிரியர் என எல்லோரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். யாரோடு பழகினாய், எந்த அறையில் யார் இருந்தார்கள், என்ன புத்தகம் படித்தாய் என்ற கேள்விகள். சில வாரங்களில் தீர்ப்பு. பலர் கல்லூரியை விட்டு மட்டுமல்லாமல் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரை விட்டே போகச் சொல்லப்பட்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் இன்னொரு மாணவரும் அடுத்த மாதமே உயிரை மாய்த்துக்கொண்டார்.

கோப்பு அதோடு மூடிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மாணவர்களைப் பற்றி வேலை கொடுப்பவர்கள் விசாரித்தால், நம்பகமானவர் என்று சொல்வதற்கு முன் டீன் அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று முன்னாள் மாணவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் பிரிவுக்குக் குறிப்புப் போனது. கோப்பு ஒரு நினைவகமாகச் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருந்தபடியே அது வேலை பார்த்தது.

இந்த 500 பக்கங்களில் அந்த மாணவர்கள் யார் என்று தேடினால் கிடைப்பது பயந்துபோன வாக்குமூலங்கள், பெற்றோர் எழுதிய கெஞ்சல் கடிதங்கள். ஐந்து அதிகாரிகள் யார் என்று தேடினால் ஒவ்வொரு பக்கமும் பேசுகிறது. இரகசியமாக இருக்கட்டும் என்று எழுதிவைத்தவை அவை. எழுதிவைத்ததால்தான் வெளியே வந்தன என்பதை நினைத்தால் அலுவலக வழக்கத்தின் வினோதம் புரியும். எதையும் எழுதி, தலைப்பிட்டு, அடுக்கில் வைக்கும் பழக்கத்தைத் தங்களுக்கு எதிராகக்கூட அவர்களால் விட முடியவில்லை. 2002இல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

பூட்டு எப்போது திறக்கும்

காப்பகத்தில் இருப்பது எல்லாம் திறந்திருப்பதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மூடுகாலம் என்பார்கள். ஹார்வர்டில் பொதுவான நிர்வாக ஆவணங்களுக்கு 50 ஆண்டு, மாணவர், ஊழியர் போன்ற தனி ஆட்களைப் பற்றியவற்றுக்கு 80 ஆண்டு. 1920ஓடு 80ஐக் கூட்டினால் 2000. பேலி கேட்டபோது கணக்குப்படி பூட்டு திறந்திருக்க வேண்டிய காலம். ஆனாலும் தயங்கினார்கள், பெயர்களை மறைத்தே கொடுத்தார்கள்.

மறைத்தும் முழுப் பயனில்லை. வெளியில் கிடைத்த மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு, நிருபர்கள் யார் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அறை எண்ணும், ஊரும், படித்த ஆண்டும் தெரிந்தால் பெயர் எதற்கு? தெருவில் ‘மூன்றாவது வீட்டு வாத்தியார்’ என்றால் நமக்கு யாரென்று தெரிந்துவிடுகிறதே, அதே சங்கதி. கறுப்பு மை பூசினால் போதும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974இல் அமெரிக்காவில் கல்விப் பதிவுகளின் அந்தரங்கம் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் வந்தது. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்ததால் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். அதன்படி உயர்கல்வி படிக்கும் மாணவர் தன்னைப் பற்றிய பதிவைத் தானே பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் நீங்கலாக, அவர் சம்மதமில்லாமல் வெளியாருக்குக் காட்டக் கூடாது. மூன்றாவது நண்பரின் ‘யார் கேட்டாலும்’ இங்கே அடிபட்டுப் போகிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்ததே பதில்.

இத்தனை ஆண்டு கழித்து எல்லோருக்கும் திறக்கலாம் என்று அந்தச் சட்டம் எண் எதையும் சொல்லவில்லை. மாணவர் இறந்துவிட்டால் அவருக்கு அந்தச் சட்டம் தந்த உரிமையும் முடிகிறது என்பதுதான் நடைமுறை. ஒவ்வொருவரும் இருக்கிறாரா, இல்லையா என்று காப்பகம் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே ஒரு மனித ஆயுளை உத்தேசமாக வைத்து 80 போன்ற எண்ணைத் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள்.

கேட்கப் போகிறவருக்கு

உங்கள் சொந்தக் கோப்பைக் கேட்கிறீர்களா, ஆய்வுக்குக் கேட்கிறீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் வழி வேறு. ஆய்வு என்றால் தேடுதுணையை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். ‘மாணவர்களைப் பற்றி ஏதாவது’ என்று கேட்டால் பெட்டி வராது. இந்த அலுவலகம், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். உறைக்குள் இருக்கும் தாள்களின் வரிசையை மாற்றாதீர்கள். டீனின் கோப்பைப் படித்த கையோடு மாணவர் நாளிதழின் அதே வாரத்து இதழையும் படியுங்கள். அலுவலகம் கேட்காமல் விட்டது பாதி அங்கே கிடைக்கும்.

இப்போதைய டீன்கள் காகிதத்தில் எழுதுவது குறைவு. மின்னஞ்சல், தரவுத்தளம், செல்போன் செய்தி. தரவுத்தளத்தில் புது முகவரியைப் போட்டால் பழையது இருந்த இடம் தெரியாமல் போகலாம். காகிதத்தில் அடித்து எழுதினால் அடிப்பாவது தெரியும். நூறு ஆண்டு கழித்துக் கிளார்க்கைப் பற்றிப் பேச முடிகிற அளவுக்கு இன்றைய டீன் ஒருவரைப் பற்றிப் பேச முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அலபாமாவிலிருந்து ஒரு கடிதம்

பெற்றோர் இடத்தில் நிற்கும் டீனை நினைவில் வைக்கச் சொன்னேன். அந்தக் கோட்பாடு பலமாக அடிவாங்கியதும் ஒரு கோப்புக் காகிதத்தால்தான்.

1960 பிப்ரவரி 25 அன்று, கறுப்பின மாணவர்களுக்கான அலபாமா ஸ்டேட் கல்லூரியைச் சேர்ந்த சிலர் மான்ட்கோமரியில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த உணவகத்துக்குப் போய்ச் சாப்பாடு கேட்டார்கள். வெள்ளையர்களுக்கு மட்டுமான உணவகம். மறுத்தும் நகரவில்லை. அடுத்த வாரம் ஒன்பது மாணவர்களுக்குத் தபாலில் கடிதம் வந்தது, நீக்கப்பட்டீர்கள் என்று. விசாரணை கிடையாது. கடிதத்தில் குறிப்பான குற்றச்சாட்டும் கிடையாது. ‘அலபாமா ஸ்டேட் கல்லூரியின் இந்தப் பிரச்சினை’ என்று பொதுவாக ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். 1961 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்கும் முன் என்ன குற்றம் என்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தகப்பன் இடத்தில் நின்றவர் அன்று முதல் விசாரணை அதிகாரி இடத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும், கேட்டதற்குக் காகிதம் இருக்க வேண்டும். ஒற்றைக் கடிதத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒரு கட்டுக் காகிதம். அதற்கு முந்தைய, பிந்தைய ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை அருகருகே வைத்துப் படிக்கிறவர் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2018இல் அலபாமா மாநிலக் கல்வித் தலைமை அந்த ஒன்பது பேரின் பதிவிலிருந்தும் நீக்கத்தை அழித்தது. 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவரின் பதிவில் இப்போது அந்தக் கறை இல்லை. ஆனால் கல்லூரி அனுப்பிய கடிதத்தின் வாசகத்தை நீதிபதிகள் தீர்ப்பின் அடிக்குறிப்பில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது எந்தச் சட்ட நூலகத்திலும் இன்றைக்கும் கிடைக்கும், அனுப்பியவரின் பெயரோடு.